இந்த வாசலுக்கு கேட் பாஸ் வேண்டாம்

எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களைத் திட்டாத ஆள் திருவொற்றியூரில் கிடையாது. நீயும் திட்டு, தப்பில்லை. ஆனால் அடுத்த முறை மாட்டிக்கொண்டு நிற்கும்போது, முன்னால் இருக்கும் கன்டெய்னரின் மூலையைக் கொஞ்சம் உற்றுப்பார். தடித்த எஃகு வார்ப்பு, அதில் நீள்வாக்கில் ஓர் ஓட்டை. பெட்டிக்கு எட்டு மூலை. எட்டிலும் அதே வார்ப்புதான். டிரெய்லரின் ட்விஸ்ட் லாக் கீழிருந்து அந்த ஓட்டைக்குள் நுழைந்து கால்வட்டம் திரும்பினால் பெட்டி அசையாது. பெட்டி ஏதோ ஐரோப்பியக் கம்பெனியுடையது, கப்பல் கொரியாவில் கட்டியது, கிரேன் சீனாவில் செய்தது, டிரெய்லர் மணலியில் யாரோ கடன் வாங்கி ஓட்டுவது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் எல்லாம் பொருந்துகிறது.

அது தானாகப் பொருந்தவில்லை. அமெரிக்காவில் மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி 1956-இல் வியாபாரமாக வெற்றிபெற்ற முதல் கன்டெய்னர் கப்பலை ஓட்டிக் காட்டினார். மூலைப் பூட்டின் காப்புரிமை அவருடைய சீ-லேண்ட் கம்பெனியிடம் இருந்தது. கெட்டியாகப் பிடித்துக்கொண்டு வசூல் பண்ணியிருக்கலாம். 1960-களில் அந்த உரிமையை எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தார். அதன்மேல்தான் உலகத் தரநிலை எழுந்தது. 1983 டிசம்பரில் சென்னைத் துறைமுகத்தின் கன்டெய்னர் முனையத்தை இந்திரா காந்தி திறந்துவைத்தபோது, ராயபுரத்துக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது அந்த விட்டுக்கொடுத்த ஓட்டைதான்.

இப்போது உன் பையில் இருக்கும் ஃபோனை வெளியே எடு. அதற்குள்ளும் அப்படி ஒன்று இருக்கிறது. நீ விளையாடும் விளையாட்டை எழுதியவன் போலந்திலோ பிரேசிலிலோ உட்கார்ந்திருப்பான். உன் ஃபோனில் எந்தக் கம்பெனியின் வரைகலைச் சில்லு இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. ‘இந்த மூன்று புள்ளிகளைச் சேர்த்து ஒரு முக்கோணம் போடு, இந்த நிறத்தைப் பூசு’ என்று பொதுவான ஒரு விதிப்படி சொல்கிறான். சில்லு செய்தவன் அதே விதிப்படி கேட்டுக்கொள்கிறான். ஓப்பன்ஜிஎல், ஓப்பன்ஜிஎல் இஎஸ், வெப்ஜிஎல், வல்கன் எல்லாமே அந்த விதிப்புத்தகங்களின் பெயர்கள். துறைமுகத்துக்குள் நுழைய கேட் பாஸ் வேண்டும்; காவலர் பையைத் திறந்து பார்ப்பார். இந்தப் புத்தகங்களைத் திறக்க எதுவும் வேண்டாம். க்ரோனோஸ் என்ற கூட்டமைப்பின் தளத்தில் முழுசாகக் கிடக்கின்றன. இறக்கிக்கொள், படி, அதை வைத்து நிரல் எழுது. காசும் கேட்க மாட்டார்கள், கையெழுத்தும் கேட்க மாட்டார்கள்.

அப்புறம் ஏன் தம்பி, ஏன் தங்கச்சி, இன்னும் வாசலிலேயே நிற்கிறாய்?

“நமக்கு இதெல்லாம் செட் ஆவாதுபா.” இந்த ஒரு வாக்கியம் நம் ஊரில் எத்தனை பேரை உட்காரவைத்திருக்கிறது! ரெஸ்யூமில் காசிமேடு என்று முகவரி போட்டால் கூப்பிட மாட்டார்கள் என்று அண்ணா நகரில் இருக்கும் மாமா வீட்டு முகவரியைப் போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பேசின் பிரிட்ஜைத் தாண்டினால்தான் மூளை வேலை செய்யும் என்று எவனோ சொன்னதை நாமே நம்பிவிட்டோம். மக்கள் மனதில் இருக்கும் அந்த மேப்பை ஒரே நாளில் திருத்த முடியாது. ஆனால் முகவரியே கேட்காத ஒரு களம் இருக்கும்போது, அங்கே போய் மோதாமல் இருப்பது யார் தப்பு?

கதையைக் கேள். 1980-களில் முப்பரிமாணப் படம் வரையும் கணினி என்றால் சிலிக்கான் கிராபிக்ஸ். பின்னாளில் ஹாலிவுட்டில் ஜுராசிக் பார்க்கின் கணினி டைனோசர்களை உயிர்ப்பித்தவை அந்தக் கம்பெனியின் இயந்திரங்கள்தான். அந்த இயந்திரங்களுக்கென்று ஐரிஸ் ஜிஎல் என்ற தனி வரைகலை நிரலகம் வைத்திருந்தார்கள். அது அவர்களுடைய சொந்தச் சொத்து. போட்டிக் கம்பெனிகள் வேறொரு தரத்தின் பின்னால் திரண்டபோது, சிலிக்கான் கிராபிக்ஸ் ஒரு கணக்குப் போட்டது. பூட்டிவைத்தால் தனியாகச் சாவோம், திறந்தால் எல்லோரும் நம் வழிக்கு வருவார்கள். அங்கே வேலை பார்த்த மார்க் சீகல், கர்ட் ஏக்லி இருவரும் தேவையில்லாததை வெட்டி எறிந்து புதிதாக விதிகளை எழுதினார்கள். 1992-இல் ஓப்பன்ஜிஎல் வெளியானது. விதிகளைப் பார்த்துக்கொள்ளப் பல கம்பெனிகள் சேர்ந்த ஒரு வாரியமும் அமைந்தது. இதில் தர்மசிந்தனை ஒன்றும் இல்லை, சுத்தமான வியாபாரக் கணக்கு. இருக்கட்டும். கதவைத் திறந்தவனின் நோக்கத்தை ஆராய்ந்துகொண்டு வெளியே நிற்காதே, திறந்திருக்கிறது, நுழை.

அடுத்து நடந்ததுதான் உனக்கான பாடம். கதவைத் திறந்த சிலிக்கான் கிராபிக்ஸ் 2006-இல் திவால் மனு கொடுத்தது. 2009-இல் மறுபடியும் கொடுத்து, அற்ப விலைக்கு விற்கப்பட்டது. அந்தக் கம்பெனியின் பெட்டியை மட்டும் ஓட்டத் தெரிந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஓப்பன்ஜிஎல் சாகவில்லை. அதே 2006-இல் அதன் பொறுப்பு க்ரோனோஸ் கைக்கு மாறி, பத்திரமாகத் தொடர்ந்தது.

இது வடசென்னைக்குப் புதிய செய்தியா? பக்கிங்காம் கர்னாடிக் மில்லை நினைத்துப்பார். 1918-இல் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் பிறந்ததே அந்தத் தொழிலாளர்களால்தான். அந்த மில் 1996-இல் மூடியது. தாத்தா, அப்பா, பிள்ளை என்று மூன்று தலைமுறை அந்த ஒரே கேட்டை நம்பியிருந்த குடும்பங்கள் என்ன ஆயின என்று பெரம்பூரிலும் புளியந்தோப்பிலும் கேள். பிழைத்தவர்கள் யார்? எந்த மில்லுக்குப் போனாலும் எந்த மிஷினையும் பிரித்து மாட்டத் தெரிந்த ஃபிட்டர்கள். இன்றைக்கு உன்னிடம் அறுபதாயிரம், எழுபதாயிரம் வாங்கிக்கொண்டு ‘அனிமேஷன் டிப்ளமோ’ விற்கிறவர்கள் என்ன சொல்லித்தருகிறார்கள்? ஏதோ ஒரு கம்பெனியின் மென்பொருளில் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்பதை. அடுத்த பதிப்பில் பட்டன் இடம் மாறும். உன் டிப்ளமோ பழசாகிவிடும். அந்தப் பட்டனை அழுத்தினால் உள்ளே என்ன நடக்கிறது, புள்ளி எப்படித் திரைக்கு வருகிறது, ஒளி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரிந்தவனை எந்தப் பதிப்பும் அசைக்க முடியாது. பட்டனைப் படிக்காதே, விதியைப் படி!

“பெரிய பெரிய கம்பெனிகள் மோதுகிற இடத்தில் நான் யார்?” என்று கேட்பாய். பிரையன் பால் என்று ஒருவரைச் சொல்கிறேன். ஓப்பன்ஜிஎல் வந்தாலும் அதை ஓட்டும் மென்பொருள் விலையுயர்ந்த இயந்திரங்களோடுதான் வந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் வேலை பார்த்துக்கொண்டிருந்த இந்த மனிதர், 1993 ஆகஸ்டில் ஓய்வு நேரத்தில், அந்த விதிப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே அதை எழுத ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு சிலிக்கான் கிராபிக்ஸுக்கே எழுதி, வெளியிட அனுமதி கேட்டார். வக்கீல்களோடு பேச்சுவார்த்தை நடந்து, ஒத்துக்கொண்டார்கள். 1995 பிப்ரவரியில் மெசா என்ற பெயரில் இணையத்தில் விட்டார். நாலு பேர் பார்ப்பார்கள் என்று நினைத்தார், ஆயிரக்கணக்கில் வந்தார்கள். இன்றைக்கு லினக்ஸ் ஓடும் கணினிகளில் படம் தெரிவதற்குப் பின்னால் பெரும்பாலும் இருப்பது மெசாதான்.

அது உன் வீட்டுக்கே வந்திருக்கலாம். 2011-இல் தமிழ்நாடு அரசு பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியதே, அக்காவோ அண்ணனோ வாங்கியிருப்பார்கள். விண்டோஸோடு கூட பாஸ் லினக்ஸ் என்று ஒன்று அதில் இருந்தது நினைவிருக்கிறதா? சென்னை சி-டாக்கில் உருவாக்கிய இயங்குதளம் அது. நிறையப் பேர் அதை ஒருமுறைகூடத் திறந்து பார்க்கவில்லை. சிலர் அழித்துவிட்டுப் படம் போட்டுக்கொண்டார்கள். ஒரு மனிதன் ஓய்வு நேரத்தில் ஆரம்பித்த நிரல் கடல் தாண்டி தண்டையார்பேட்டைப் பிள்ளையின் மேசைவரை வந்து, கதவைத் தட்டிவிட்டு, யாரும் திறக்காமல் திரும்பிப்போயிருக்கிறது. எனக்கு இதை நினைத்தால் வயிறு எரிகிறது.

பிரையன் பால் அப்போதே வேலையில் இருந்தவர் என்று சாக்கு சொல்லாதே. அலிசா ரோசன்ஸ்வைக் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தபோது தொட்ட வேலையைக் கேள். மலிவு விலை ஃபோன்களில் அதிகம் இருக்கும் மாலி என்ற வரைகலைச் சில்லுக்கு, அதைச் செய்தவர்கள் திறந்த மூல டிரைவர், அதாவது சில்லை ஓட்டும் நிரல், தரவில்லை. உள்ளே எப்படி வேலை செய்கிறது என்ற விவரமும் வெளியே இல்லை. அந்தச் சிறுமி சில்லுக்குள் போகும் வரும் பைட்டுகளைப் பார்த்துப் பார்த்து, இது இதற்காகத்தான் என்று ஊகித்து, சோதித்து, எழுதினார். இன்னும் சிலர் சேர்ந்தார்கள். பான்ஃப்ராஸ்ட் என்ற அந்த டிரைவர் 2019-இல் மெசாவோடு சேர்ந்தது. அதோடு நிற்கவில்லை. ஆப்பிள் தன் கணினிகளில் ஓப்பன்ஜிஎல்லை 4.1-ஆம் பதிப்போடு, அதாவது 2010-ஆம் ஆண்டு நிலையோடு நிறுத்திவிட்டு, 2018-இல் ‘இனி இது வேண்டாம்’ என்று கைகழுவியது. அலிசாவும், ஆப்பிள் கணினிகளில் லினக்ஸை ஓட்டவைக்கும் அசாஹி லினக்ஸ் தோழர்களும் அதே ஆப்பிள் எம்1 சில்லுக்கு டிரைவர் எழுதி, 2024 பிப்ரவரியில் ஓப்பன்ஜிஎல் 4.6-க்கு முறையான தகுதிச் சான்று வாங்கினார்கள். சில்லைச் செய்த கம்பெனி கொடுக்காததை, அதனிடம் சம்பளம் வாங்காத வெளியாட்கள் கொடுத்தார்கள்!

அந்தத் தகுதிச் சான்று எப்படிக் கிடைக்கிறது என்பதை நன்றாகக் கவனி. க்ரோனோஸ் ஒரு பெரிய சோதனைத் தொகுப்பு வைத்திருக்கிறது. பல சோதனைகள் ஒரு சின்னப் படத்தை வரையச் சொல்லி, வந்த படம் விதிப்படி இருக்கிறதா என்று பார்க்கும். தேறினாயா, தேறவில்லையா, அவ்வளவுதான் பதில். எந்தக் கல்லூரி என்று அது கேட்காது. ஆங்கிலம் தடுமாறுகிறதா என்று பார்க்காது. உன் தெருவில் மழைக்குத் தண்ணீர் நிற்குமா, அப்பா மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிறாரா என்ற கேள்வியே அதில் கிடையாது. நேர்முகத் தேர்வு அறையில் உன் முகவரியைக் கேட்டு முகம் மாறியவர்களிடம் கெஞ்சிய உனக்கு, இப்படி ஒரு நீதிபதி கிடைத்தும் வழக்குப் போடாமல் இருக்கிறாயே!

சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். பழைய ஓப்பன்ஜிஎல்லில் பத்து வரியில் முக்கோணம் வந்துவிடும். 2004-இல் ஷேடர் எழுதும் மொழி சேர்ந்தது. புள்ளிக்கு ஒரு நிரல், நிறத்துக்கு ஒரு நிரல் என்று நீயே எழுத வேண்டும். 2016 பிப்ரவரியில் வந்த வல்கன் இன்னும் கறார்ப் பேர்வழி. நினைவகம், ஒத்திசைவு, வரிசை எல்லாவற்றையும் நீயே சொன்னால்தான் செய்யும். முதல் முக்கோணத்துக்கே ஏறக்குறைய ஆயிரம் வரி ஆகும். எடுத்ததும் வல்கனில் குதிக்காதே என்பது என் கட்சி. உலாவியிலேயே ஓடும் வெப்ஜிஎல்லில் தொடங்கு. 2011-இலிருந்து இருக்கிறது, எதையும் நிறுவ வேண்டாம்.

தொடங்கினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கறுப்புத் திரை வரும். பல நேரம் பிழைச் செய்தி வராது, எச்சரிக்கை வராது, சும்மா கறுப்பாக இருக்கும். இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் இந்தக் கறுப்பைப் பார்த்தவர்கள்தான். ‘நமக்கு செட் ஆவாது’ என்று மூடிவைக்கத் தோன்றும் நிமிடம் அது. அங்கேதான் நீ யார் என்பது தெரியும். முதலில் பின்னணி நிறத்தைச் சிவப்பாக்கு. சிவப்பு வந்தால் திரை உயிரோடு இருக்கிறது, முக்கோணம்தான் எங்கோ போயிருக்கிறது. புள்ளிகளின் எண்களைப் பார். மைனஸ் ஒன்றுக்கும் பிளஸ் ஒன்றுக்கும் நடுவில் இருந்தால்தான் திரைக்குள் வரும். அவற்றை எந்தச் சுற்றில் கொடுத்திருக்கிறாய்? முதுகுப் பக்கத்தை மறைக்கச் சொல்லியிருந்தால், கடிகாரச் சுற்றில் கொடுத்த முக்கோணம் உனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மறைந்து நிற்கும். ஷேடர் நிரல் சரியாகத் தொகுக்கப்பட்டதா என்று நீயாகக் கேட்டால்தான் சொல்லும், கேள். இப்படி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அந்த முக்கோணம் திரையில் எழும்போது வரும் கெத்து இருக்கிறதே, எந்த டிப்ளமோவிலும் வராது. கிராபிக்ஸ் கார்டு இல்லை என்பதும் சாக்கு ஆகாது. மெசாவில் எல்எல்விஎம்பைப் என்று ஒன்று இருக்கிறது. வரைகலைச் சில்லே இல்லாமல் சாதாரண சிபியுவை வைத்தே வரைந்துவிடும். மெதுவாக வரும், ஆனால் வரும்.

எதை வரைவது? நம் ஊரிலேயே வேலை கிடக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, எந்தத் தெருவில் தண்ணீர் என்று அரசிடம்கூட முழுப் படம் இல்லை. அருண் கணேஷ் என்ற நிலப்பட வரைவாளரும் நண்பர்களும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் திறந்த தரவை எடுத்து, உலாவியிலேயே வெள்ள வரைபடம் ஒன்றைக் கட்டினார்கள். உன் தெருவைத் தொட்டால் ‘இங்கே தண்ணீர்’ என்று நிறம் மாறும். யார் வேண்டுமானாலும் தொடலாம். ஆயிரக்கணக்கான தெருக்களை மக்களே குறித்தார்கள். அவ்வளவு தெருக்களைச் சாதாரண ஃபோனின் உலாவியில் தடங்கலில்லாமல் வரைய முடிந்ததற்குக் காரணம், அடியில் ஓடிய மேப்பாக்ஸ் ஜிஎல் என்ற நிரல் வெப்ஜிஎல்லின் மேல் நின்றது. 2020 டிசம்பரில் அதைச் செய்த மேப்பாக்ஸ் கம்பெனி புதிய பதிப்பின் உரிமத்தை மூடிக்கொண்டது. உடனே வெளியாட்கள் பழைய திறந்த பதிப்பைக் கிளைபிரித்து மேப்லிப்ரே என்று தொடர்ந்தார்கள். இன்றும் யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம்.

வரைபடம் எவ்வளவு பெரிய ஆயுதம் என்று எண்ணூர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1996-இல் ஒப்புதல் பெற்ற கடலோர வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம், பிறகு வந்த வரைபடத்தில் காணவில்லை என்று தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்கிய ஆவணங்களைக் காட்டி 2017-இல் சூழல் ஆர்வலர்கள் போராடினார்கள். தண்ணீர் அங்கேதான் இருந்தது, தாளில்தான் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலை ஆற்று முகத்தில் படகுகளிலும் வலைகளிலும் அப்பிக்கொண்டதே, எந்த நாள் எதுவரை வந்தது என்பதை உன் தெருக்காரர்களைவிட யார் துல்லியமாகச் சொல்ல முடியும்? அதைக் குறி. விண்வெளியிலிருந்து அளந்த நில உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதன்மேல் அனல்மின் நிலையச் சாம்பல் மேட்டையும் ஆற்றையும் குப்பங்களையும் முப்பரிமாணத்தில் எழுப்பு. நெட்டுக்குப்பத்துப் பெரியவர் ஃபோனைச் சாய்த்துத் தன் இறால் பிடிக்கும் இடத்தைப் பார்த்துச் சொல்லட்டும்: “இன்னும் கொஞ்சம் வடக்கால போடு தம்பி.” அந்தத் திருத்தம் எந்தச் செயற்கைக்கோளுக்கும் தெரியாது.

இன்னொன்று, வேலை பற்றி. வரைகலைச் சில்லு இப்போது படம் மட்டும் வரைவதில்லை. செயற்கை நுண்ணறிவின் கணக்குகளில் பெரும்பகுதி அதன் தலையில்தான். அங்கே என்விடியா தன் குடா என்ற சொந்த ஏற்பாட்டை வைத்துக்கொண்டு ஆட்சி நடத்துகிறது. ஆனால் மொழி மாதிரிகளைச் சாதாரணக் கணினியில் ஓட்டும் லாமா.சிபிபி போன்ற திறந்த மென்பொருள்கள் வல்கன் வழியாகவும் ஓடுகின்றன. முக்கோணத்துக்காக நீ கற்ற விதி அங்கேயும் கூடவே வரும்.

தனியாகப் படிக்கத் தேவையில்லை. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1990-களின் இறுதியிலிருந்து இருக்கிறது. கணியம் 2012-இலிருந்து கட்டற்ற மென்பொருளைத் தமிழிலேயே எழுதிவருகிறது. விழுப்புரத்தில் விஜிலக் என்ற குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுத்தருகிறது. விழுப்புரத்தால் முடியுமென்றால் திருவொற்றியூருக்கு என்ன கேடு? கேள்வி கேட்கக் கூச்சப்படாதே. கடலில் முதல்நாள் போகிறவன் வாந்தி எடுப்பதைப் பார்த்து எந்தப் படகிலும் யாரும் அவனை இறக்கிவிடுவதில்லை.

முக்கோணம் வந்து, வரைபடம் வந்து, ஷேடர் கைவந்த பிறகு ஒருநாள் மெசாவின் மூலநிரலை இறக்கிப் பார். சில்லுவாரியாகச் சில சின்னக் கோப்புகள் கிடக்கும். தகுதிச் சோதனைகளில் எதெதில் அந்த டிரைவர் இன்னும் தோற்கிறது என்று வரிவரியாக, வெட்கமில்லாமல், உலகமே பார்க்க எழுதிவைத்திருக்கிறார்கள். மாலிச் சில்லுகளுக்கும் உண்டு. ஒரு வரியை எடுத்துக்கொள். முதலில் ஒன்றும் புரியாது. அந்தச் சோதனையின் பெயரைத் தேடு; அது என்ன வரையச் சொல்கிறது என்ற நிரலும் திறந்தே இருக்கிறது. எங்கே தவறுகிறது என்று கண்டுபிடி, திருத்து, அனுப்பு. குறை சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். மறுபடி திருத்தி அனுப்பு. ஏற்றுக்கொண்டால், தோற்றவற்றின் பட்டியலிலிருந்து அந்த வரியை அழிக்கும் உரிமை உன்னுடையது. மாற்றத்தின் மேல் உன் பெயர் இருக்கும்.